வேதமலைப் படிகளும் மூச்சின் கணக்கும்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில், இரண்டு ஊர்களுக்கும் ஏறத்தாழ நடுவில் எழுந்து நிற்கிறது திருக்கழுக்குன்றம். வேதங்களே மலையுருக் கொண்டு இறைவனைத் தாங்கி நிற்கும் தலம் என்பது புராண மரபு. வேதகிரி என்னும் பெயரும் அதனால் வந்ததே. மலையுச்சியில் வேதகிரீசுவரரும் சொக்கநாயகியும் எழுந்தருளியிருக்கின்றனர். அடிவாரத்தில், ஊரார் தாழக்கோயில் என வழங்கும் பெருங்கோயிலில் பக்தவத்சலேசுவரரும் திரிபுரசுந்தரியும் அருள்பாலிக்கின்றனர். தேவார மூவரும் பாடிய தலம் இது. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் இத்தலத்திற்கெனத் தனிப் பதிகமே அருளியிருக்கிறார்.

மலைக்கோயிலை அடைய 565 படிகள் ஏற வேண்டும். இளமையில் இந்த எண்ணிக்கையை எவரும் கேட்பதில்லை. அறுபதைக் கடந்தபின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. மகனும் மருமகளும் பேரக்குழந்தைகளும் முன்னால் ஏறிச் சென்றுவிட, எழுபது வயதுத் தாயார் ஐம்பதாவது படியில் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்பார். "வயசாச்சில்லம்மா, மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று மகள் மேலிருந்து குரல் கொடுப்பாள். மலைக்கோயில் எதுவாயினும் அங்கே அன்றாடம் கேட்கும் சொல் இது. பெரும்பாலும் உண்மையான சொல்லும்கூட. ஆயினும் சிற்சில வேளைகளில் இதைப்போல் ஆபத்தான சொல் வேறில்லை. எந்த மூச்சு இயல்பானது, எந்த மூச்சு எச்சரிக்கை என்பதைப் பிரித்தறியத் தெரிந்திருப்பது மலையேறும் முதியோருக்கும் அவர்களை அழைத்துச் செல்வோருக்கும் இன்றியமையாதது.

மூச்சைக் கணக்கிடுவது இந்த நாட்டிற்குப் புதியதன்று. ஒரு நாழிகைக்கு 360 மூச்சு, நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்பது யோக நூலார் வகுத்த கணக்கு. தில்லைப் பொன்னம்பலத்துக் கூரையில் வேய்ந்த பொன்னோடுகள் 21,600 என்பதும், அவற்றைப் பொருத்திய ஆணிகள் 72,000 நாடிகளைக் குறிப்பன என்பதும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. நாழிகை ஒன்று 24 நிமிடம். ஆகவே 360 மூச்சை 24 ஆல் வகுத்தால் நிமிடத்திற்குச் சரியாக 15 மூச்சு. இன்றைய மருத்துவ நூல்கள், ஓய்வில் இருக்கும் வளர்ந்த மனிதருக்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை என்று குறிக்கின்றன. நாழிகை வட்டிலை வைத்துக்கொண்டு எண்ணியவர்களின் கணக்கு அந்த எல்லைக்கு நடுவே வந்து அமர்ந்திருக்கிறது.

இந்த மூச்சை எண்ணுவதில் ஒரு நுட்பம் உண்டு. தன் மூச்சைத் தானே எண்ணத் தொடங்கினால் அது உடனே மாறிவிடும். இதயத் துடிப்பும் குடலின் அசைவும் மனிதனின் கட்டளைக்கு நேராக அடங்குவதில்லை. மூச்சு மட்டும் தானாகவும் இயங்கும், விரும்பினால் வசப்படவும் செய்யும். யோகியர் உடலுக்குள் புகும் வாயிலாக மூச்சைத் தேர்ந்துகொண்டதன் காரணமும் இதுவாகவே இருக்க வேண்டும். எனவே வீட்டில் எண்ண விரும்புவோர், பெரியவர் அமைதியாக அமர்ந்திருக்கும்போது, அவரறியாமல் மற்றொருவர் மார்பின் ஏற்றத்தைக் கடிகாரம் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுவதே சரி.

ஓய்வில் ஒரு மூச்சுக்கு உள்ளே செல்லும் காற்று ஏறத்தாழ அரை லிட்டர். நிமிடத்திற்கு 15 மூச்சு எனில் ஏழரை லிட்டர். இது உடல் சும்மா இருப்பதற்கான செலவு. இனி மலைப்படிக்கு வருவோர் நிலையைப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு படி ஏறுவது என்பது, தம் உடலை அரையடி உயரத்திற்குத் தாமே தூக்குவது. 565 படிகளையும் ஏறி முடித்தால், ஏறக்குறைய 34 டன் எடையை அரையடி தூக்கிய உழைப்பு ஆகிறது. நெல் மூட்டை சுமக்கும் தொழிலாளியும் வியக்கத்தக்க கணக்கு இது. இந்த உழைப்புக்கு வேண்டிய பிராணவாயு, மெதுவாக ஏறினால் ஓய்வுநிலையைப்போல் நான்கு மடங்கு. விரைந்து ஏறினால் எட்டு மடங்கு. நான்கு மடங்கு தேவைப்பட்டால் காற்றும் அந்த அளவில் போய் வர வேண்டும். நிமிடத்திற்கு 15 ஆக இருந்த மூச்சு 25, 30 என உயர்கிறது. ஒவ்வொரு மூச்சின் ஆழமும் இரு மடங்காகிறது. எனவே படியேறும்போது மூச்சு வாங்குவது உடலின் நேர்மையான கணக்கு வழக்கு. மூச்சு வாங்காமல் மலையேற முடிந்தவர் எவருமில்லை. முருகன் கோயில் காவடிக்காரருக்கும் வாங்கும், இருபது வயது வீரனுக்கும் வாங்கும்.

"மேலே போகப் போகக் காற்று குறைவு, அதனால்தான் மூச்சு முட்டுகிறது" என்று சிலர் கூறுவதுண்டு. கயிலாயப் பயணத்தில் 5,600 மீட்டர் உயரமுள்ள டோல்மா கணவாயைக் கடப்போர் அவ்வாறு சொல்லலாம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ பாதிதான். திருக்கழுக்குன்றத்தின் உயரம் 500 அடி என்பர். அடிவாரத்துக் காற்றுக்கும் உச்சிக் காற்றுக்கும் உடல் உணரத்தக்க வேறுபாடு இல்லை. நலமான நுரையீரல் உடையவருக்கு இப்படிகளில் இரத்தத்தின் பிராணவாயு குறைவதும் இல்லை.

அப்படியானால் மூச்சை விரைவுபடுத்தும் ஆணை எங்கிருந்து வருகிறது? நூற்றாண்டுக்கும் மேலாக அறிவியலார் இக்கேள்வியின்பின் நடந்திருக்கின்றனர். மூளைத்தண்டின் அடியில் முகுளம் என்னும் பகுதி இருக்கிறது. உறக்கத்திலும் மூச்சை நடத்தும் அதிகாரி அதுவே. ஆக்சுபோர்டில் ஜான் ஸ்காட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் வெளியிட்ட ஆய்வு, ஓய்வுநிலையில் மூச்சைத் தூண்டுவது பிராணவாயுக் குறைவு என்பதைவிட கரியமில வாயுவின் மிகுதியே என்று காட்டியது. இரத்தத்தின் வேதிநிலையை முகர்ந்தறிந்து முகுளத்திற்குச் செய்தி அனுப்பும் சிறு காவலர்கள் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் இருப்பதை விளக்கியதற்காக பெல்ஜிய நாட்டு கார்னெய் ஹேமான்சுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வியப்பு என்னவெனில், முதற்படியில் காலை வைத்த அந்தக் கணமே மூச்சு உயர்ந்துவிடுகிறது. தசையில் உண்டான கரியமில வாயு இரத்தத்தோடு கலந்து முகுளத்தை எட்டுவதற்குச் சில நொடிகளாவது தேவை. அதற்குள் மூச்சு எவ்வாறு அறிந்தது? காலை அசைக்க மூளை ஆணையிடும்போதே, அதன் நகல் ஒன்று மூச்சு மையத்திற்கும் செல்கிறது. அசையும் மூட்டுகளும் தசைகளும் தம் பங்குக்குச் செய்தி அனுப்புகின்றன. வீட்டுக்கு விருந்தினர் வருவர் என அறிந்ததும் உலை வைத்துவிடும் இல்லத்தரசியைப் போல உடல் முன்கூட்டியே ஆயத்தமாகிறது. அதன்பின் இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு படிப்படியாக ஏறி, உழைப்பு சீராக இருக்குமானால், ஓரளவில் நிலைகொள்கிறது. முதல் ஐம்பது படிகளில் திணறுவோர், சற்றே நின்று, பின் சீரான நடையில் தொடர்ந்தால் அடுத்த நூறு படிகள் எளிதாகத் தோன்றுவது இதனால்தான்.

சீரான நடை என்பதே இங்கு முக்கியம். வேகம் ஒரு எல்லையைக் கடந்தால் தசைக்கு வேண்டிய பிராணவாயு உடனுக்குடன் போதாமல், தசை வேறு வழியில் ஆற்றலைப் பெறத் தொடங்கும்; லாக்டிக் அமிலம் பெருகும். அந்த அமிலத்தைச் சமன் செய்யும்போது மேலும் கரியமில வாயு உண்டாகி, மூச்சு உழைப்பின் அளவை மீறித் தாவும். அதன்பின் எத்தனை மூச்சு விட்டாலும் போதாதென்று தோன்றும். நின்றபிறகும் சில நிமிடங்கள் மூச்சு இரைப்பது, உழைக்கும்போது வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்துவது போன்றது. 'பிராணவாயுக் கடன்' என்று இதற்கு 1920களில் ஏ. வி. ஹில் என்னும் ஆங்கில உடலியலார் பெயரிட்டார். பேரனுக்கு இந்த எல்லை வெகு உயரத்தில் இருக்கிறது. பாட்டிக்கு முழங்கால் அளவிலேயே வந்துவிடுகிறது. முப்பது வயதுக்குப்பின், பத்தாண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வீதம் உடலின் உச்ச ஆற்றல் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே அதே படியும் அதே வேகமும் இருவருக்கும் ஒரே உழைப்பு ஆகா. வண்டி காத்திருக்கிறது, மாமல்லபுரம் பார்க்க வேண்டும் என்று பெரியவர்களை விரைவுபடுத்தும் குடும்பத்தார் இதை நினைவில் கொள்வது நன்று.

முதுமையில் மற்றொரு சிக்கலும் உண்டு. விலா எலும்புகளை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்பு வயதேற ஏற இறுகுகிறது. மார்புக்கூடு முன்போல் விரிவதில்லை. எனவே ஆழத்திற்குப் பதிலாக எண்ணிக்கையைக் கூட்டி ஈடுசெய்ய உடல் முயல்கிறது. ஆனால் மேலோட்டமான விரைவு மூச்சு, பெருமளவு வீண் முயற்சி. உள்ளே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் காற்று மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக் குழாய்களிலுமே தங்கி, இரத்தத்தைத் தொடாமல் திரும்பிவிடுகிறது. ஒருவர் நிமிடத்திற்கு 30 முறை கால் லிட்டர் வீதம் மூச்சு விட்டால் மொத்தம் ஏழரை லிட்டர். அதில் பயனாவது மூன்று லிட்டர் மட்டுமே. அதே ஏழரை லிட்டரை 15 முறை அரை லிட்டர் வீதம் விட்டால் பயனாவது ஐந்தே கால் லிட்டர். நிதானமாக, வயிறு மேலெழ, உதரவிதானம் கீழிறங்க மூச்சு விடும்படி யோகம் கற்பிப்போர் வலியுறுத்துவதன் பொருளை இந்தச் சிறு கணக்கு விளக்கிவிடும்.

இங்கே ஒரு தவறான புரிதலையும் களைய வேண்டியிருக்கிறது. பிராணாயாமம் பயின்றவர்களுள் சிலர், படியேறும்போதும் மூச்சை உள்ளே நிறுத்தி, எண்ணி, பிறகு விடுகின்றனர். திருமூலர் கூறும் கணக்கு 16 மாத்திரை பூரகம், 64 மாத்திரை கும்பகம், 32 மாத்திரை இரேசகம். அது ஆசனத்தில் அமர்ந்து, உடல் அசைவற்றிருக்கையில், குருவின் துணையோடு பயில்வதற்கு உரியது. தசைகள் நான்கு மடங்கு பிராணவாயு கேட்டுக்கொண்டிருக்கும் வேளையில் வாயிலை அடைத்து நிற்பது பொருந்தாது. மூச்சை அடக்கியபடி உடலை மேலே உந்தும்போது இரத்த அழுத்தம் சட்டென உயரும். அழுத்த நோயுள்ளவர்க்கும் கண்ணழுத்த நோயுள்ளவர்க்கும் இது தீங்கு. படியில் கும்பகம் வேண்டா. உள்மூச்சைவிட வெளிமூச்சு சற்று நீண்டிருந்தால் போதும். உதடுகளைக் குவித்து, சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல் காற்றை மெல்ல வெளிவிடும் முறையை, நாட்பட்ட நுரையீரல் நோயாளருக்கு மருத்துவர்கள் கற்பிக்கின்றனர். பல ஆண்டுகள் விறகடுப்பின் புகையில் சமைத்த மூதாட்டியருக்குக் குறிப்பாக இது உதவும். அவர்களுள் பலருக்குத் தம் நுரையீரல் நலிந்திருப்பதே தெரியாது.

ஏறும் வேகம் சரியா, மிகையா என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்கலாம் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய அளவுகோல். அடியார்க்கு இதைவிட வசதியான அளவுகோல் ஐந்தெழுத்து. ஏறும்போதே 'நமசிவாய' என்பதை இரண்டு மூன்று முறை ஒரே மூச்சில் தடையின்றிச் சொல்ல முடிந்தால் நடை சரியாக இருக்கிறது. பதிகத்தை முழுக்குரலில் பாடிக்கொண்டே ஏற முடிகிறதெனில் இன்னும் சற்று விரையலாம். ஐந்தெழுத்தே 'நம', 'சிவா', 'ய' என உடைகிறதெனில் அந்தப் படியிலேயே நின்றுவிட வேண்டும். இரத்த அழுத்தத்திற்காகவோ இதயத்திற்காகவோ துடிப்பைத் தணிக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கு நாடித்துடிப்பு உழைப்பின் உண்மையான அளவைக் காட்டாது. அத்தகையோருக்கு மூச்சே நம்பத்தக்க சாட்சி.

நிற்பதில் சிலருக்குக் கூச்சம், சிலருக்கு விரதம். "நிற்காமல் ஏறுவதாக வேண்டிக்கொண்டேன்" என்பர். மரபு அவ்வாறு கேட்டதாகத் தெரியவில்லை. திருத்தணியில் ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் நாள் நிகழும் திருப்படித் திருவிழாவில், 365 படிகளிலும் ஒவ்வொரு படிக்கும் நின்று, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடித்தான் அடியார்கள் மேலேறுகின்றனர். வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் அது. உழைப்பு, இளைப்பு, மீண்டும் உழைப்பு என்று மாறி மாறி வரும்போது அமிலம் சேர்வதில்லை. கடன் பெருகுமுன்னரே தீர்ந்துவிடுகிறது. நாற்பது ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று, ஊரையும் சங்கு தீர்த்தத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுபவர், ஒரே மூச்சில் பாதிவழி ஓடி அமர்ந்துவிடுபவரைவிட முன்னதாகவே சந்நிதியை அடைவதும் உண்டு. நிற்கும்போது சட்டென அமர்ந்தோ படுத்தோ விடாமல், சற்று முன்சாய்ந்து கைகளைச் சுவரிலோ தொடையிலோ ஊன்றிக்கொண்டால் மார்புத் தசைகளுக்கு மூச்சு எளிதாகும். தலை சுற்றினால் மட்டும் தாமதியாது அமர்ந்துவிட வேண்டும்.

இனி, மகள் மேலிருந்து சொன்ன அந்தச் சொல்லுக்கு வரலாம். வயதுக்கு மூச்சு வாங்குகிறது என்பது எப்போது பொய்யாகிறது?

சென்ற பங்குனியில் நூறு படி ஏறி நின்றவர், இந்தப் பங்குனியில் முப்பது படியிலேயே நிற்கிறார் என்றால் அது வயதின் வேலையன்று. ஓராண்டில் முதுமை அவ்வளவு விரைந்து நடப்பதில்லை. இரத்தசோகை, இதயத்தின் தளர்ச்சி, இதய வால்வின் சுருக்கம், நுரையீரல் நோய் ஆகியவற்றுள் ஒன்று உள்ளே இருக்கக்கூடும். இரத்தசோகை உள்ள மூதாட்டியர்க்கு நுரையீரலும் இதயமும் செவ்வனே இருந்தும், பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணு குறைவால் மூச்சு இரைக்கும். எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் குறை அது. அதை 'வயசு' என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் சுமப்பது வீண் துன்பம்.

நீரிழிவு நோயர் தனிக் கவனத்துக்கு உரியவர். இதயத்திற்குச் செல்லும் குருதி குறையும்போது பிறர்க்கு மார்பில் அழுத்தமோ வலியோ தோன்றும். நீண்டகால நீரிழிவு உணர்ச்சி நரம்புகளை நலிவுறச் செய்வதால், இவர்களுள் பலர்க்கு வலியே வாராது. மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டுமே வரும். அந்த மூச்சு வலியின் மொழிபெயர்ப்பு. படிகளில் வருவதும் சிறிது இளைப்பாறினால் தணிவதுமாக அது மீண்டும் மீண்டும் தோன்றினால், அடுத்த படியைவிட மருத்துவர் முக்கியம். மார்பு இறுக்கம், தாடை, இடது கை, முதுகு ஆகியவற்றில் வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருளல் ஆகியவற்றோடு மூச்சு வாங்கினாலும், பத்து நிமிடம் இளைப்பாறியும் மூச்சு தணியாவிட்டாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும். தீர்த்தம் கொடுத்து, விசிறிவிட்டு, "சந்நிதி பக்கத்தில்தான், இன்னும் கொஞ்சம்" என்று கைத்தாங்கலாக ஏற்றிச் செல்வது அன்பின் மிகுதியால் நேரும் பிழை.

தலையணை இரண்டு மூன்று வைத்தால்தான் உறங்க முடிகிறது, நள்ளிரவில் மூச்சு முட்டி எழ நேர்கிறது, மாலையில் பாதம் வீங்குகிறது என்போர் மலையடிவாரத்திற்கு வருமுன்னரே இதய மருத்துவரைக் காண வேண்டியவர்கள். இதயம் தளரும்போது குருதி நுரையீரலிலேயே தேங்குகிறது. நுரையீரலின் நுண்ணிய குருதிக் குழாய்களை ஒட்டி, இத்தேக்கத்தை உணர்ந்து மூச்சை மேலோட்டமாகவும் விரைவாகவும் ஆக்கும் உணர்விகள் உள்ளன என்பதை 1950களில் கண்டறிந்தவர் இந்தியரான ஔதார் சிங் பெயின்டல். பின்னாளில் தில்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய அவர் கண்டறிந்த அவற்றை, உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் 'ஜே உணர்விகள்' என்று இன்றும் படிக்கின்றனர்.

விரதம் பற்றியும் ஒரு சொல். இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தணிக்கும் மாத்திரையை எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு மலையேறுவது சர்க்கரையை அபாய அளவுக்குக் குறைத்துவிடலாம். தரிசனம் முடிந்துதான் உண்பேன் என்னும் நியமம் உள்ளவர்கள், முன்கூட்டியே மருத்துவரைக் கலந்து மருந்தின் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். காலை மாத்திரையைத் தாமாகவே விட்டுவிட்டு ஏறுவதும் தவறு. சித்திரை வெயிலில் நீரருந்தாமல் ஏறினால் குருதியின் அளவு குறைந்து, இதயமும் மூச்சும் இரட்டிப்பு வேலை செய்ய நேரும். வெயில் ஏறுமுன் ஏறி இறங்குவதே முதியோர்க்கு உகந்தது.

வெயில் ஏறியபின் வந்தவை இத்தலத்துக் கழுகுகள். பட்சி தீர்த்தம் என்று இவ்வூர் வட நாட்டிலும் பெயர் பெற்றது அவற்றால்தான். உச்சிவேளையில் இரு வெண்கழுகுகள் மலையின்மீது வந்திறங்கி, அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டு சென்ற காட்சியை, இன்றைய முதியோருள் பலர் தம் கண்ணாலேயே கண்டிருப்பர். 1990களின் இறுதியில் அவ்வரவு நின்றுபோயிற்று. சிறகடியாமல், வெயிலால் சூடேறி எழும் காற்றின்மீது மிதந்து உயர்வது கழுகினத்தின் இயல்பு. மனிதர் 565 படியில் செலவிடும் மூச்சை அவை சேமித்துக்கொண்டன. மேலும் பறவையின் நுரையீரல் அமைப்பே வேறு. காற்றுப் பைகளின் துணையால், அதன் நுரையீரலுள் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. மனிதர்க்குப்போல் வந்த வழியே திரும்புவதில்லை. 1973இல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டு வான்வெளியில் ஒரு கழுகு 37,000 அடி உயரத்தில் விமானத்தோடு மோதியதாகப் பதிவாகியிருக்கிறது. இமயத்தின் கொடுமுடிக்கும் மேலான உயரம் அது.

மூச்சு வாங்குகிறது என்பதற்காகவே நடப்பதை விட்டுவிடும் முதியோரும் உளர். இது எதிர்ப்பக்கத்துப் பிழை. நடவாத காலின் தசை மெலியும். மெலிந்த தசை சிறு உழைப்புக்கும் அமிலத்தைப் பெருக்கும். மூச்சு முன்னிலும் விரைவாக இரைக்கும். அதைக் கண்டு அஞ்சி இன்னும் குறைவாக நடப்பர். நாளும் நடப்பவர்க்கு நிகழ்வது இதன் மறுதலை. நுரையீரல் பெருத்துவிடுவதில்லை. மாறுவது தசையும் இதயமும். தசையின் உயிரணுக்கள் பிராணவாயுவைத் திறம்படப் பயன்படுத்தக் கற்கின்றன. இதயம் ஒரு துடிப்பில் மிகுதியான குருதியை அனுப்புகிறது. சில வாரங்களிலேயே, அதே படி அதே வேகத்தில் குறைந்த மூச்சோடு ஏற முடிகிறது. எழுபது வயதிலும் இது நிகழ்கிறது என்பதுதான் இதில் இனிய செய்தி. பௌர்ணமிதோறும் வேதமலையை வலம் வருவோரும், மாலைதோறும் தம் ஊர்க் கோயில் பிராகாரத்தைப் பதினொரு முறை சுற்றுவோரும் அறியாமலே செய்துவரும் பயிற்சி இது. மலையேற விரும்பும் பெரியவர், மருத்துவரின் ஒப்புதலோடு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே சமதள நடையைத் தொடங்கி, பின் வீட்டுப் படிகளில் பழகி வந்தால் உடல் ஒத்துழைக்கும்.

நடை கூட இயலாதவர்க்கு அமர்ந்து செய்யும் வழிபாடும் மூச்சுக்கு நல்லதே. இத்தாலியின் பேராசிரியர் லூச்சியானோ பெர்னார்டியும் உடனிருந்தோரும் 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், நலமான 23 பேரை இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவும், 'ஓம் மணி பத்மே ஓம்' என்னும் மந்திரத்தைச் சொல்லவும் வைத்துப் பார்த்தனர். இரண்டிலுமே மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகத் தணிந்தது; இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒன்றையொன்று சீராக்கும் திறனும் கூடியது. நீண்ட சொற்றொடரைச் சொல்லும்போது வெளிமூச்சு தானே நீள்வதுதான் இதன் வழி. ஆயின் அந்த ஆறு மூச்சு அமர்ந்த நிலைக்கு உரியது; படியேறுகையில் அதை வலிந்து கொண்டுவர முயல வேண்டா.

மருத்துவர் மலையேறக் கூடாதென்று சொன்னால் சிலர் கண்ணீர் வடிப்பர். பழனியில் 'விஞ்ச்' இருக்கிறது, சோளிங்கரில் கம்பிவட ஊர்தி வந்துவிட்டது, இங்கு ஏன் இல்லை என்று கேட்போரும் உண்டு. திருக்கழுக்குன்றத்தில் முன்னோரே இதற்கு வழி செய்து வைத்திருக்கின்றனர். மலைமேல் ஒரு கோயில் இருக்க, அடிவாரத்தில் அதனினும் பெரிதாகக் கோபுரங்களோடு தாழக்கோயில் எழுப்பியிருக்கின்றனர். சித்திரைப் பெருவிழாவில் அறுபத்துமூவர் மலைவலம் வருவதைக் காணக் கூடும் கூட்டமும் கீழேதான் நிற்கிறது. அடியார்பால் அன்புடையவன் என்னும் பொருளில் பக்தவத்சலன் எனப் பெயர் கொண்டவன் அமர்ந்திருப்பதும் கீழேதான். வேதமே மலையான தலத்தில், மலையை நோக்கிக் கைகுவிப்பதும் தரிசனமே.

ஏறி முடித்தவர்க்கு இறங்கும் வழி மூச்சைப் பொறுத்தவரை எளிது. உடலைத் தூக்கும் வேலை இல்லாததால் பிராணவாயுவின் தேவை வெகுவாகக் குறைந்துவிடும். சோதனை முழங்காலுக்கும் தொடைத் தசைக்கும்தான். மூச்சு நன்றாயிருக்கிறதே என்று விரைந்து இறங்கிக் கால் நடுங்கி விழுவோர் பலர். கைத்தடியோ, பக்கத்தில் ஒருவர் தோளோ இருப்பது நலம். இறங்கும் பாதையில், பல்லவர் காலத்தில் ஒரே பாறையைக் குடைந்து அமைத்த ஒருக்கல் மண்டபம் இருக்கிறது. அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் வாணிகம் செய்துவந்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் இம்மண்டபத்தில் தம் பெயர்களையும் ஆண்டுகளையும் பொறித்துவிட்டுச் சென்றிருக்கின்றனர். குளிர்ந்த கல்லில் ஐந்து நிமிடம் அமர்ந்து அவ்வெழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தால், மூச்சு மீண்டும் நாழிகைக்கு 360 என்னும் பழைய கணக்கிற்குத் திரும்பியிருக்கும்.